வெளியே தெரியாமல் காப்பாற்றும் ஆண்டவரே

இருபத்தாறு நாள் நான் செய்தது ஒரே ஜெபம்தான்: "வெளியே தெரியாமல் காப்பாற்றும் ஆண்டவரே." விடியற்காலை நாலரைக்கு எழுந்து முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால், என் களவுக்கு ஆண்டவரையும் கூட்டுச் சேர்க்கப் பார்த்திருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது. அப்போதே யாராவது இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் கிராமத்துச் சபை எங்களுடையது. நான் தனியார் பள்ளியில் டீச்சர், வீட்டுக்காரர் கத்தாரில். என்னைப் பற்றி இவ்வளவு போதும். எங்கே தவறினேன், எதைச் செய்தபோது முடிச்சு அவிழ்ந்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

2024 ஜூலையில் டெலிகிராமில் ஒரு 'பகுதிநேர வேலை' வந்தது. ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறியது. அடுத்து 1,050. பிறகு 'முன்பணப் பணி' என்றார்கள். 2,000 போட்டேன், 2,800 ஆகத் திரும்பியது. ஆக மொத்தம் 2,000 ரூபாய் லாபம். தூண்டிலில் மாட்டிய புழு அவ்வளவுதான். அதற்குப் பிறகு 7,000, 21,000, 48,000 என்று ஏறியது. திரையில் என் பெயருக்கு நேரே லாபம் கூடிக்கொண்டே போகும், எடுக்கத்தான் முடியாது. கடைசியாக 1,10,000 கட்டினால் எல்லாம் சேர்ந்து வரும் என்றார்கள். முதல் 28,000 என் சேமிப்பு. 48,000-க்குச் செயினை வங்கியில் வைத்தேன். வளையல்களுக்கு 72,000 கிடைத்தது. இன்னும் 38,000 குறைந்தது.

அந்த 38,000 என் பீரோவிலேயே இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். காணிக்கையாக வந்த கைப்பிடி அரிசியை விற்ற காசு, மாதச் சந்தா, செப்டம்பர் 15 அசனத்துக்காக, அதாவது சபை விருந்துக்காக, வீடு வீடாகச் சேர்த்தது எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில், ரப்பர் பேண்ட் போட்டு, கறுப்பு அட்டை நோட்டோடு இருந்தது. ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. பணம் போடும் மெஷின் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளை வாங்காது. அதனால் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து அந்தச் சின்ன நோட்டுகளை ஐந்நூறாக மாற்றினேன். கடைக்காரர் "அசனச் சாமான் வாங்கவா டீச்சர்?" என்றார். "ஆமா" என்றேன். மாற்றி முடிக்க அரைமணி நேரம் ஆனது. தெரியாமல் செய்துவிட்டேன், அவசரத்தில் செய்துவிட்டேன் என்று பின்னாளில் சொல்ல வாய் வந்தபோதெல்லாம் அந்த அரைமணி நேரம்தான் குறுக்கே நின்றது.

பணம் போனது அன்று மாலையே புரிந்துவிட்டது. இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்: இணைய மோசடி என்று தெரிந்த நிமிடமே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். நான் அழைத்தது 26 நாள் கழித்து. போனது 1,86,000, அதில் முடக்க முடிந்தது 13,250. அதுவும் கோர்ட் உத்தரவு வாங்கி மறு வருஷம்தான் கைக்கு வந்தது. அன்று மாலை நான் 1930-க்கு அழைக்காததற்கு ஒரே காரணம், புகார் கொடுத்தால் 38,000 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிவரும். மறைத்த பாவம் ஆத்துமாவை மட்டும் அரித்ததாக நினைக்காதீர்கள். பணத்தையும் சேர்த்தே தின்றது.

அடுத்து செய்தது அதைவிடப் புத்திகெட்ட வேலை. செப்டம்பர் முதல் வாரம் கிடாவுக்கும் அரிசிக்கும் அட்வான்ஸ் கேட்பார்கள். டின்னை நிரப்ப மூன்று கடன் ஆப்களை இறக்கினேன். ஒவ்வொன்றும் '10,000 கடன்' என்று சொல்லிக் கையில் தந்தது 6,200. ஏழே நாளில் 10,000 கட்ட வேண்டும். 18,600-ஐ டின்னில் வைத்தேன். ஏழாம் நாள் 'கெடு நீட்டிப்பு' என்று ஆப்புக்கு 3,800 வீதம் 11,400-ஐ அதே டின்னிலிருந்து எடுத்துக் கட்டினேன். இறக்கும்போதே போன்புத்தகத்தையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்திருந்தேன். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி கடன் தரும் ஆப் இவற்றைத் தொடவே கூடாது. எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் பணம் தருகிறது என்ற பெயரும் மொத்த வட்டிக் கணக்கும் முன்கூட்டியே காட்ட வேண்டும். பெயர் இல்லையென்றால் அது கடனே அல்ல, பொறி. ஆகஸ்ட் 26-ஆம் தேதி என் முகத்தை வெட்டி ஒட்டிய ஒரு படத்தை எனக்கே அனுப்பி, "நாளை உன் சர்ச் குரூப்புக்குப் போகும்" என்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் 'ஆவிக்குரிய' வேலைகள் நிறையச் செய்துகொண்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழியில் விழுகிற நம் ஆட்கள் அநேகமாக இதையேதான் செய்கிறார்கள். வாக்குத்தத்த அட்டைப் பெட்டியிலிருந்து தினம் ஒரு அட்டை எடுப்பேன். ஆறுதலான வசனம் வரவில்லையென்றால் இன்னொன்று எடுப்பேன். வேதத்தைக் கிளி ஜோசியமாக்கியிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு 'ஜெப உதவி' எண்ணுக்கு எழுதினேன். விதைக் காணிக்கை போட்டால் மூன்று நாளில் கட்டு அவிழும் என்றார்கள். 2,000 அனுப்பினேன், அந்த டெலிகிராம் வேலை தந்த லாபம் முழுசும் அங்கே போய்ச் சேர்ந்தது. நெருக்கடியில் இருக்கிறவரிடம் பணம் கேட்கிற எந்த ஜெபமும் வேண்டாம், போனை வைத்துவிடுங்கள். பிறகு பொருத்தனை: "இதிலிருந்து தப்புவித்தால் அடுத்த வருஷம் முழுச் சம்பளத்தையும் தருகிறேன்." பயத்தில் நேர்ந்துகொள்ளாதீர்கள். நேர்ந்து செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் சொல்வது இந்த மாதிரி ராத்திரிகளுக்குத்தான். உபவாசமும் இருந்தேன். தூக்கம் இல்லாத உடம்பில் சாப்பாடும் இல்லையென்றால் வருவது மயக்கம்தான், அதைத் தரிசனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்களில் கஞ்சியாவது குடித்துவிட்டு ஜெபியுங்கள்.

27-ஆம் தேதி ராத்திரி, இனி இருந்து என்ன என்ற நினைப்பு வந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. அந்த நினைப்பு வந்தால் முதல் வேலை ஒரு மனுஷக் குரலைக் கேட்பதுதான். 14416 டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், 104 தமிழக அரசின் சுகாதார உதவி எண். இரண்டிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். நான் 104-க்கு அழைத்தேன். அந்தப் பெண் வசனம் எதுவும் சொல்லவில்லை. "இது வீட்டில் யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் மூன்று முறை மூன்று விதமாகக் கேட்டாள்.

விடிந்ததும் மத்தேயு 27-ஐ எடுத்தேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றி ஞாயிறு பாடசாலையில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால் அவன் செய்ததை வரிசைப்படி அன்றுதான் பார்த்தேன். மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். "பாவஞ்செய்தேன்" என்று வாயால் சொன்னான். இவ்வளவும் செய்தான், ஆனால் யாரிடம் போய்ச் சொன்னான் என்று பாருங்கள். பிரதான ஆசாரியர் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." பேதுருவும் அதே ராத்திரி இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து விழுந்தவன்தான், மனங்கசந்து அழுதான். ஆனால் உயிர்த்தெழுந்த நாளில் அவன் மற்ற சீஷர்களோடு இருந்தான். தன் பாவத்தை ஒருவரிடம் அறிக்கை செய்யப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: 'அது உன்பாடு' என்று கையை உதறுகிறவரிடம் போகக் கூடாது. முந்தின வாரம் ஒரு தோழியிடம் ஜாடையாகச் சொன்னேன், "ஜெபிக்கிறேன்டி" என்று போனை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை, ஆள் தேர்வு என்னுடையது. வயதில் மூத்தவர், வாய் காப்பவர், பணக் கணக்குத் தெரிந்தவர், உங்களுக்குக் கடன்படாதவர், இந்த நாலும் சேர்ந்த ஒருவரைத் தேடுங்கள். எனக்கு எங்கள் சங்கச் செயலாளர் சித்தி இருந்தார்கள், ஓய்வுபெற்ற நர்ஸ். அவர்களுக்கு எதிராகத்தான் தவறு செய்திருந்தேன் என்பதால் போக வேண்டிய வீடும் அதுவே.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதினேன். இதை விட்டுவிடாதீர்கள். 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்வது சுலபம், ஒவ்வொரு ஞாயிறும் பொது அறிக்கையில் சொல்கிறோம், யாருக்கும் வேர்ப்பதில்லை. தொகை, தேதி, பெயர் போட்டு எழுதும்போதுதான் வேர்க்கும். சங்கீதம் 51 முதல் இரண்டு வசனங்களில் மூன்று வார்த்தை வருகிறது: மீறுதல், அக்கிரமம், பாவம். எபிரெயத்தில் மூன்றும் வேறு வேறு சொற்கள். மீறுதல் என்றால் கோடு தெரிந்தே தாண்டியது. அக்கிரமத்துக்கு அங்கே உள்ள சொல்லில் வளைவு, கோணல் என்ற பொருள் இருக்கிறது. பாவம் என்பது குறி தவறியது. தாளை மூன்றாக மடித்தேன். சங்கப் பணம் முதல் பத்தியில் போனது, பலசரக்குக் கடை அரைமணி நேரத்தோடு. வீட்டுக்காரரிடம் சொன்ன பதினொரு பொய்யும் இரண்டாம் பத்தியில், ஒவ்வொன்றாக. சும்மா வரும் காசுக்கு ஆசைப்பட்டது மூன்றாவதில். அப்படிப் பிரித்ததில் ஒரு நன்மை, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிந்தது. முதலாவதுக்குப் பணம் திரும்ப வேண்டும். இரண்டாவதுக்கு உண்மை போய்ச் சேர வேண்டும். மூன்றாவதுக்குப் பழக்கம் மாற வேண்டும். ஏமாற்றப்பட்டது இந்தத் தாளில் வராது. அது எனக்கு நடந்தது, நான் செய்ததல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால், செய்யாததற்கு அழுது அழுது செய்ததற்கு அழக் கண்ணீர் மிஞ்சாது.

29-ஆம் தேதி சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனேன். மூன்றே வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். "சங்கப் பணம் 38,000-ஐ எடுத்துட்டேன் சித்தி. இணைய மோசடியில போயிருச்சு. பொருளாளர் பொறுப்பை இன்னைக்கே விடுறேன், பணத்தை மாசாமாசம் கட்டுறேன்." 'ஏன்னா' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றும் வரக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன், காரணம் சொல்ல ஆரம்பித்தால் அறிக்கை வக்காலத்தாகிவிடும். முதலிலேயே அழவும் கூடாது, அழுதால் எதிரே இருப்பவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும், கோபப்படும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுவோம். அந்த நிமிடமே 'மன்னிச்சிருங்க' என்று கேட்டுப் பதிலுக்கு நிற்பதும் ஒருவித நெருக்குதல்தான். சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நோட்டை எடுத்துட்டு வந்தியா?" என்றார்கள். கணக்கு நோட்டைச் சரிபார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இப்ப போலீசுக்கு அடி" என்றார்கள். அங்கே உட்கார்ந்துதான் 1930-க்கு அழைத்தேன்.

ஆப்காரர்கள் விஷயமும் அந்த மேஜையிலேயே தீர்ந்தது. போனில் ஆப்களுக்குக் கொடுத்த அனுமதிகளை எல்லாம் நீக்கி, மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகுதான் அழித்தோம். பிறகு என் போன்புத்தகத்தில் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: "நான் ஒரு திருட்டுக் கடன் ஆப்பில் மாட்டிக்கொண்டேன். என் பெயரில் அசிங்கமான படம் வந்தால் அது போலி. திறக்காமல் புகார் செய்யுங்கள்." அனுப்பிய மறுநாள் பதினேழு பேருக்குப் படம் போனது. ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாணவியின் அம்மா மட்டும், "எங்க வீட்லயும் இந்த ஆப் ஓடுது டீச்சர்" என்று எழுதினாள். மிரட்டுகிறவன் கையில் இருந்தது படமே இல்லை, நான் மறைத்த மறைப்புதான். 'தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான்' என்ற நீதிமொழி 28:13-ஐ அதுவரை சாபம் மாதிரி வாசித்திருந்தேன், அது நடைமுறைப் புத்தி.

வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள் பார்த்து அழைத்தேன். வேலைக்குப் போகும் வழியில் ஒருவரிடம் இதைச் சொல்லக் கூடாது. பதினொரு பொய்யையும் தாளைப் பார்த்து வாசித்தேன். போனை வைத்துவிட்டார். ஆறு நாள் பேசவில்லை. ஏழாம் நாள், "பிள்ளைக ஃபீஸ் கட்டியாச்சா?" என்று கேட்டார். அதுதான் தொடக்கம். மன்னிப்பு ஒரு நாளில் கிடைக்கலாம், நம்பிக்கை அப்படித் திரும்பாது. இன்றும் மாதக் கடைசியில் பாஸ்புக் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அவர் கேட்டதில்லை, நானாக அனுப்புகிறேன்.

திருப்பிச் செலுத்துவது பற்றி எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போனபோது லேவியராகமம் 6-ஐயும் எண்ணாகமம் 5-ஐயும் காட்டினார். எடுத்த முதல், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். 38,000-க்கு 7,600, மொத்தம் 45,600. மாதம் 3,800 வீதம் பன்னிரண்டு மாதம். லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகக் கொடுத்தானே என்று கேட்டேன். தானாக வந்து அறிக்கையிடுகிறவனுக்கு ஐந்தில் ஒன்று, ஆட்டைத் திருடி விற்றுப் பிடிபட்டவனுக்கு யாத்திராகமம் 22-இன்படி நாலத்தனை. சகேயு தன்னையே பிடிபட்ட திருடனாக எண்ணிக்கொண்டான், அது அவன் மனசு, உன்னால் கட்ட முடிந்ததைச் சொல் என்றார். முடியாத தொகையை உணர்ச்சிவசத்தில் ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் நிறுத்துவது இரண்டாவது பொய். ஆப்காரர்கள் தந்ததில் டின்னில் மிஞ்சியிருந்த 7,200 உறுத்தியது. சட்டப்படி அவர்களுக்குக் கட்டத் தேவையில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டார்கள், கட்டினாலும் இன்னும் கேட்பார்கள். அதை நான் வைத்துக்கொள்ளவும் மனம் இல்லை. எண்ணாகமம் 5:8-இல் ஈட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரட்டும் என்று இருக்கிறது. ஐயர் அதை இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டார்.

சபையில் எழுந்து சாட்சி சொல்லட்டுமா என்றும் கேட்டேன். "வேண்டாம்மா" என்றார். தவறு யாரைத் தொட்டதோ அவர்கள்வரை அறிக்கை போனால் போதும். சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் தெரிய வேண்டும், தெரிந்தது; சிலர் இன்றும் முகம் கொடுப்பதில்லை, அது அவர்கள் உரிமை. பணம் கட்டி முடிக்கும் முன்னே மைக் பிடித்தால் கைதட்டலில் கணக்கு மறந்துபோகும். சங்கத்திலும் ஒரு மாற்றம் வந்தது: இப்போது டின் கிடையாது, வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. உங்கள் சங்கத்தில் ஒரே ஆள் வீட்டுப் பீரோவில் பணம் இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஆண்டவர் உதவி செய்தாரா என்று கேட்பீர்கள். 1,86,000 வானத்திலிருந்து விழவில்லை. 'ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்' என்ற சங்கீதம் 50:15-ஐப் பிடித்துக்கொண்டு, விடுதலை என்றால் டின் நிரம்புவது என்று காத்திருந்தேன். வந்த உதவிகளை எண்ணினால் ராத்திரி இரண்டு மணிக்கு 104-இல் ஒரு குரல், சித்தியின் மேஜை, அந்த வருஷம் அசனத்துக்குக் கிடாவைக் கடனாகக் கொடுத்த ஆட்டுக்காரர், 13,250. ஜெபமும் மாறியது, நீளம் குறைந்தது. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், அதில் ஒரு வரி, அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை: 'இன்று வங்கிக்குப் போகப் பயப்படாமல் இரும்', 'இன்று அந்தப் போனை எடுக்கத் தைரியம் தாரும்'. அழக்கூட முடியாத நாளில் 88-ஆம் சங்கீதம் வாசிப்பேன், அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அப்படி ஒன்றையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்பதே பெரிய ஆறுதல்.

2025 செப்டம்பரில் பன்னிரண்டாவது தவணை கட்டினேன். சித்தி ரசீது எழுதி, கறுப்பு நோட்டில் என் பெயருக்கு நேரே 45,600 என்று போட்டு அடிக்கோடு இழுத்தார்கள். செயினை மீட்டுவிட்டேன். வளையல்கள் இன்னும் வங்கியில்தான், மாதம் 540 வட்டி.